லேபிளின் வாலைப் பிடி: எண்பதுகளின் ஜேங்கிள் கிட்டாரும் இன்றைய இண்டி பாப்பும்

வில்லுப்பாட்டு மேடையில் வீசுகோல் நாணில் விழுந்தால் இரண்டு சத்தம் ஒன்றாகக் கிளம்பும். நாண் அதிர்வது ஒன்று, வில்லில் கட்டிய மணிகள் குலுங்குவது இன்னொன்று. குடமும் உடுக்கையும் கீழே தாளத்தைப் பிடித்திருக்க, மணிச்சத்தம் மட்டும் பாட்டுக்கு மேலே தனியாக மிதக்கும். கிட்டாரில் அந்த மணிச்சத்தத்தையே பிரதானமாக வைத்து ஒரு பாட்டு முழுக்க நடத்தினால் அதற்குப் பெயர் ஜேங்கிள். 1965இல் பேர்ட்ஸ் குழு பாடிய பாப் டிலன் பாட்டில் வருகிற சொல் அது. அந்தப் பதிவில் ரோஜர் மெக்குவின் வாசித்த ரிக்கன்பேக்கர் 12 கம்பி கிட்டாரின் சத்தத்துக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. எண்பதுகளில் பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பல ஊர்ச் சின்னக் குழுக்கள் இதைக் கையில் எடுத்தன. இன்று இண்டி கிட்டார் பாப் என்று வருவதில் பெரும்பகுதி அவற்றின் பேரப்பிள்ளைகள்தான்.

‘இண்டி’ (இண்டிபெண்டன்ட், அதாவது சுயேச்சை என்பதன் சுருக்கம்) என்பது முதலில் ஓசைக்கு வைத்த பெயர் அல்ல. 1980 ஜனவரியில் பிரிட்டனில் இண்டி சார்ட் என்ற தனி விற்பனைப் பட்டியல் தொடங்கியபோது அதில் சேர ஒரே நிபந்தனைதான்: பெரிய கம்பெனிகளின் விநியோக வழியில் வராத ரெக்கார்டாக இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் அந்தப் பாட்டுகள் நம் பக்கம் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்பதும் புரிந்துவிடும். எண்பதுகளில் இந்தியாவில் கேசட்டாக அச்சான மேல்நாட்டுப் பாட்டுகள் இ.எம்.ஐ., சி.பி.எஸ். மாதிரி பெரிய நிறுவனங்களின் சரக்கு. கிளாஸ்கோவில் ஒரு வீட்டு அலமாரியிலிருந்து நடந்த லேபிளுக்கு, அதாவது ரெக்கார்டு வெளியிடும் நிறுவனத்துக்கு, இங்கே யார் உரிமம் வாங்குவார்கள்? திருநெல்வேலி ஜங்ஷன் கடையில் மைக்கேல் ஜாக்சன் கிடைத்தார், பர்மிங்ஹாமின் ஃபெல்ட் குழு கிடைக்கவில்லை என்றால் காரணம் ரசனை அல்ல, லாரி போகிற வழி.

ஆனால் அந்த உலகத்தின் பழக்கவழக்கம் நெல்லைக்காரர்களுக்கு அந்நியமில்லை. ரெக்கார்டிங் சென்டரில் ஒரு தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, சிக்ஸ்டியா நைன்ட்டியா என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கியவர்களுக்குச் ‘சி86’ என்ற பெயர் உடனே பிடிபடும். சி60, சி90 என்ற கேசட் நீள எண்களோடு வருஷத்தைக் கோத்து வைத்த பெயர் அது. 1986இல் என்.எம்.இ. என்ற லண்டன் இசைப் பத்திரிகை, ரஃப் டிரேட் லேபிளோடு சேர்ந்து, தபாலில் வரவழைத்துக்கொள்ளும்படி வெளியிட்ட 22 பாட்டுக் கேசட். 1981இல் இதே கூட்டணி சி81 என்று ஒன்று போட்டிருந்தது. சி86இல் ஜேங்கிள் பாட்டுகள் பாதிகூட இல்லை, மீதி கரடுமுரடான சத்தங்கள். ஆனாலும் முதல் பாட்டாக வந்த பிரைமல் ஸ்க்ரீமின் ஒன்றரை நிமிஷத் துண்டு அந்தப் பெயரையே ஒரு பாணியின் பெயராக மாற்றிவிட்டது. 2014இல் செர்ரி ரெட் நிறுவனம் இதை மூன்று சிடியாக, 72 பாட்டுகளோடு விரித்து வெளியிட்டது. புதிதாக நுழைகிறவர்கள் அதில் தொடங்குவது நல்லது. 72ஐயும் ஒரே மூச்சில் கேட்டால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். நாளுக்கு ஆறு போதும்.

இந்தப் பதிவுகள் கொஞ்சம் மெலிந்தும் புகை படிந்ததுபோலவும் கேட்பதற்குக் காரணம் கருவி. நியூசிலாந்தில் ரோஜர் ஷெப்பர்ட் 1981இல் கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கிய ஃப்ளையிங் நன் லேபிளின் ஆரம்பப் பதிவுகள் பல, கிறிஸ் நாக்ஸ் வைத்திருந்த டியாக் நான்கு டிராக் டேப் ரெக்கார்டரில் (ஒரே டேப்பில் நான்கு தனித்தனித் தடங்களாகப் பதியும் கருவி) எடுத்தவை. 1982இல் வந்த ‘டனிடின் டபுள்’ அப்படி ஒன்று: சில்ஸ், வெர்லெய்ன்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், ஸ்டோன்ஸ் என்று நான்கு குழுக்கள் ஆளுக்கொரு பக்கம். நான்கு டிராக்கில் ஐந்தாவது கருவி வேண்டுமென்றால் மூன்று டிராக்கை ஒன்றாகக் கலந்து நான்காவதில் இறக்க வேண்டும். பிறகு காலியான மூன்றில் புதிதாக வாசிக்கலாம். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் டேப்பின் இரைச்சல் கூடும், மேல் சுருதிகள் தேயும். கலந்ததைத் திரும்பப் பிரிக்கவும் முடியாது. எனவே டிரம்ஸையும் பேஸையும் முதலில் இறக்குவார்கள், கிட்டாரைக் கடைசியில் வைப்பார்கள். டிரம்ஸ் தூரத்தில் தட்டுவதுபோலவும் கிட்டார் காதருகே பளிச்சென்றும் இருந்தால் பெரும்பாலும் இந்த வரிசைதான் காரணம். அதே லேபிளின் கிளீன் குழு முதல் சிங்கிளை (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள ரெக்கார்டு) 50 நியூசிலாந்து டாலர் செலவில் பதிந்து, அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் 19ஆம் இடம் பிடித்தது. சொந்தக் காசில் கேசட் போட்ட கிராமத்துப் பாடகர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

இனி தேடும் முறைக்கு வருவோம். ஸ்ட்ரீமிங் ஆப் ‘இதைப் போலவே’ என்று நீட்டுகிற பட்டியல் இங்கே சீக்கிரம் கைவிடும். பலர் கேட்டதையே அது மேலும் பலருக்குக் காட்டும். சில நூறு பேர் மட்டும் கேட்டதற்கு அதனிடம் கணக்கே இருக்காது. பெயர்க் குழப்பம் வேறு. ஃபெல்ட், கிளீன், பேட்ஸ், ஹெவன்லி, ஆர்க்கிட்ஸ் எல்லாமே அகராதிச் சொற்கள். ஒரே பெயரில் நாலு குழு இருந்தால் ஆப் நாலையும் ஒரே பக்கத்தில் கொட்டிவிடும். 1983இன் ஆல்பத்துக்குக் கீழே போன மாதம் வந்த ஏதோ நடனப் பாட்டு நிற்கும். வருஷத்தையும் நம்ப முடியாது. 1982இல் வந்தது மறுபதிப்பு வந்த 2014ஐக் காட்டும். குழுவின் பெயரோடு லேபிளின் பெயரையும், லேபிள் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் கொடுக்கும் பட்டியல் எண்ணையும் சேர்த்துத் தேடினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் லேபிள், எண், பதிவு செய்தவர், ஸ்டுடியோ, வாசித்தவர்கள் என்று தனித்தனியாக இருக்கும். அதில் எந்தப் பெயரைத் தொட்டாலும் அந்த ஆள் செய்த மற்றதெல்லாம் வந்து விழும். கெட்டியான வால் அதுதான்.

ஒரு வாலைப் பிடித்துப் போய்ப் பார்ப்போம். பிரிஸ்பேனில் ராபர்ட் ஃபார்ஸ்டரும் கிராண்ட் மெக்லெனனும் தொடங்கிய கோ-பிட்வீன்ஸ் 1980இல் ஒரு சிங்கிளைக் கிளாஸ்கோவின் போஸ்ட்கார்ட் லேபிளில் போட்டது. ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு ஸ்காட்லாந்தில் என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு போஸ்ட்கார்டின் பட்டியலைத் திறந்தால் ஆரஞ்ச் ஜூஸ், ஜோசஃப் கே, அஸ்டெக் கேமரா வரிசையாக நிற்கும். ஆலன் ஹார்ன் நடத்திய அந்த லேபிள் இரண்டு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, வெளியிட்டது ஒரு டஜன் சிங்கிள் அளவுதான். ஆகவே முழுவதையும் ஒரு மாலையில் கேட்டு முடிக்கலாம். அடுத்து 1983. கோ-பிட்வீன்ஸின் ‘பிஃபோர் ஹாலிவுட்’டும் அஸ்டெக் கேமராவின் ‘ஹை லேண்ட், ஹார்ட் ரெயின்’ஆல்பமும் அந்த வருஷம் ரஃப் டிரேடில் வந்தன. இரண்டிலும் பதிவுப் பொறுப்பில் ஜான் பிராண்ட். இரண்டும் பதிவானது ஈஸ்ட்போர்னில் ஒரு கிறிஸ்தவ நிறுவனத்தின் ஸ்டுடியோவில். ஒரே ஆள், ஒரே அறை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல்பகுதி ஒரேமாதிரி பளபளப்பது தெரியும். பாளையங்கோட்டைக் கொயரில் கிட்டார் பிடித்தவர்களுக்கு அந்த ஓசை பழகியதாகவே படும்.

அந்தக் கோ-பிட்வீன்ஸ் ஆல்பத்தில் கரும்புத் தோட்டங்கள் வழியே ரயிலில் ஊர் திரும்பும் பையனின் பாட்டு ஒன்று உண்டு, மெக்லெனன் எழுதியது. வாசுதேவநல்லூர்ப் பக்கம் கரும்பு லாரிக்குப் பின்னால் பஸ்ஸில் ஊர்ந்தவர்களுக்குக் காட்சி புரிய விளக்கம் வேண்டாம். தாளம்தான் இடறும். நாலு நாலாக எண்ணினால் விட்டுப்போகும். 5, 2, 4 என்று கூட்டி 11 எண்ணிக்கையில் கைதட்டிப் பாருங்கள், டிரம்மர் லிண்டி மாரிசன் எங்கே திரும்புகிறார் என்று பிடிபடும். இப்படி ஒரு கணக்கைக் கேட்பவருக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருப்பதுதான் சாமர்த்தியம்.

பிரிஸ்டலின் சாரா லேபிளைப் பிடிப்பது இன்னும் சுலபம். கிளேர் வாட், மேட் ஹேன்ஸ் என்ற இருவர் 1987இல் தொடங்கி, 100 என்ற எண்ணைத் தொட்டதும் 1995இல் தாங்களே கடையை மூடினார்கள். சாரா 1, சீ அர்ச்சின்ஸின் சிங்கிள். ஃபீல்ட் மைஸ், ஆர்க்கிட்ஸ், ஹெவன்லி எல்லாம் இந்த வரிசையில்தான் வருகின்றன. தொகுப்பு ஆல்பங்களுக்குப் பிரிஸ்டலின் இடப்பெயர்களை வைத்து, அங்கே போகிற பஸ்ஸின் எண்ணையே பட்டியல் எண்ணாகக் கொடுத்தார்கள். பாபநாசம் பஸ் நம்பரை ஆல்பத்துக்கு வைத்ததுபோல. அதனால் 100ஐத் தாண்டிய எண்ணைக் கண்டால் வரிசை தவறிவிட்டதாக நினைக்க வேண்டாம். சாராவின் பாட்டுகளில் எல்லாமே ரத்தினமில்லை. ஒரே மாதிரி முனகலாகப் போகிறவையும் உண்டு, தாண்டிப் போகலாம்.

பர்மிங்ஹாம் ஃபெல்ட் குழுவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து வருஷத்தில் பத்து ஆல்பம், பத்து சிங்கிள் என்று கணக்கு வைத்து முடித்துக்கொண்டார் பாடகர் லாரன்ஸ். முதல் பாதியில் மாரிஸ் டீபாங்கின் கிட்டார், செவ்வியல் பயிற்சி பெற்ற விரல்கள். பிற்பாதியில் மார்ட்டின் டஃபியின் ஆர்கன். எந்தப் பாதி என்று தெரியாமல் வாங்கினால் ‘இது வேறு குழு’ என்று தோன்றும். 2018 மறுபதிப்புகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: 1985 ஆல்பத்தின் ஒலிப்பதிவை முதலில் தயாரித்தவர் காக்டோ ட்வின்ஸ் குழுவின் ராபின் கத்ரி, மறுபதிப்பில் அதன் சில பாட்டுகள் புதிதாக மிக்ஸ் செய்யப்பட்டன. எதிரொலி குறைந்து தெளிவாக இருந்தால் கையில் இருப்பது புதியது. எது மேல் என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பழையதில் கிட்டார் தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருக்கிறது. அந்தப் பாட்டுகளுக்கு அதுதான் பொருத்தம் என்பது எங்கள் கட்சி.

இதே முறை புதியவற்றுக்கும் செல்லும். 1989இல் தொடங்கிய அமெரிக்க லேபிள் ஸ்லம்பர்லேண்ட் இன்றும் நடக்கிறது. அதன் பட்டியலில் சான் ஃபிரான்சிஸ்கோவின் அம்ப்ரெல்லாஸ், ரெட்ஸ் பிங்க்ஸ் அண்ட் பர்ப்பிள்ஸ், ஆண்டி பாஸ்டலானியெக் ஒற்றை ஆளாக வாசித்துப் பதியும் சைம் ஸ்கூல் ஆகியவை உண்டு. சைம் ஸ்கூலில் 12 கம்பி கிட்டார் முன்னாலேயே நிற்கிறது. ஜேங்கிள் என்றால் என்ன என்று கேட்பவருக்குப் போட்டுக் காட்ட ஏற்றது. மெல்போர்னின் ரோலிங் பிளாக்அவுட்ஸ் கோஸ்டல் ஃபீவர் மூன்று கிட்டார் வைத்திருக்கிறது, ஒன்று அக்கூஸ்டிக். 2018இன் ‘ஹோப் டவுன்ஸ்’ ஆல்பத்தில் மூன்றும் ஒன்றையொன்று மிதிக்காமல் ஓடுவதை ஹெட்ஃபோனில் இடம் வலமாகப் பிரித்துக் கேட்கலாம். ஆக்லாந்தின் பெத்ஸ், டொரண்டோவின் ஆல்வேஸ் இரண்டும் கொஞ்சம் சத்தம் கூடியவை. சென்னையின் எஃப்16ஸ், கொல்கத்தாவின் பாரேக் அண்ட் சிங் என்று நம் நாட்டு வாலும் உண்டு. அவை வேறு கிளை, ஜேங்கிள் குறைவு.

புதியதைத் தேட, குழுக்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு வழி இருக்கிறது. பிடித்த ஆல்பத்தின் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். உலகப் புகழ் பெற்ற ஆல்பத்தின் பக்கத்தில் இது உதவாது, கூட்டம் அதிகம். முப்பது நாற்பது பேர் மட்டும் வாங்கிய ஆல்பத்துக்குப் போய், அங்கே இரண்டு மூன்று ஆளின் சேகரிப்பைத் திறந்து, இரண்டு பேரிடமும் இருக்கிற, ஆனால் நீங்கள் கேட்டிராத பெயரை எடுங்கள். ரெக்கார்டிங் சென்டர் அண்ணாச்சி ‘இதைக் கேட்டுப் பாருங்க தம்பி’ என்று தானாகச் சேர்த்துப் பதிந்த கடைசிப் பாட்டு மாதிரி இது. வாங்கும்போது டெபிட் கார்டு தள்ளிவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது, வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்பது. ரெக்கார்டாக வரவழைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை: தபால் செலவு பல சமயம் ரெக்கார்டின் விலையைத் தாண்டும். வந்த பிறகு சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டால் வினைல் இளகி அலைபோல வளைந்துவிடும், திரும்ப நேராகாது. படுக்க வைத்து அடுக்காமல் நேராக நிறுத்தி வையுங்கள்.

சில வீடுகளில் புதையல் அலமாரியிலேயே கிடக்கும். மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளில் டேப் ரெக்கார்டரோடு பெயரெழுதாத கேசட்டுகளும் வந்தன. அதில் என்ன குழு பாடுகிறது என்று செல்போன் ஆப்பில் பிடித்துக் காட்டினால் ‘தெரியவில்லை’ என்று சொல்லும். பெரும்பாலும் காரணம் வேகம். கேசட் ஒரு நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். பிளேயரின் பெல்ட் தளர்ந்திருந்தால் மெதுவாக ஓடும். கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைந்தால் சுருதி அரைப்படி இறங்கிவிடும், ஆப்பின் கணக்கோடு ஒத்துப்போகாது. பெல்ட்டை மாற்றுவதுதான் சரியான வைத்தியம். பழைய பெல்ட் தார்போல உருகி ஒட்டியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். ஓடவிடும் முன் கேசட்டின் நடுவில் இருக்கும் சின்னக் கம்பளித் திண்டைப் பாருங்கள். பசை காய்ந்து விழுந்திருந்தால் டேப் ஹெட்டில் அழுந்தாது, ஒரு பக்கம் சத்தம் வந்து வந்து போகும். சி120 கேசட்டாக இருந்தால் வேகமாகச் சுற்றவே வேண்டாம். சி90இன் டேப் சுமார் 12 மைக்ரான் தடிமன், சி120 சுமார் 9தான், சிக்கிக்கொண்டால் நீண்டுவிடும்.

சத்தம் வருகிறது, ஆனால் கம்பளி போர்த்தியதுபோல மங்கலாக இருக்கிறது என்றால் அசிமுத், அதாவது டேப்புக்கு எதிரே ஹெட் நிற்கும் கோணம், தவறியிருக்கிறது. ஹெட் பக்கத்தில் ஸ்பிரிங் மாட்டிய சின்னத் திருகு ஒன்று இருக்கும். பாட்டு ஓடும்போதே, இரண்டு பக்கத்தையும் மோனோவாகச் சேர்த்துவைத்துக்கொண்டு, கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பினால் மேல் சுருதி சட்டென்று திறக்கும் இடம் தெரியும். ஜேங்கிள் கிட்டார் இருக்கும் டேப்பில் இதைச் செய்வது சுலபம், மணிச்சத்தமே அளவுகோல். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது லைன்-அவுட்டிலிருந்து எடுங்கள், ஹெட்ஃபோன் துளையிலிருந்து அல்ல. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். டால்பி பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் வசதி) போட்டுப் பதிந்ததா என்று தெரியாவிட்டால் அதை அணைத்தே ஏற்றுங்கள். தவறாகப் போட்டால் தேய்ந்த மேல் சுருதி இன்னும் தேயும். பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். பாட்டில் கிட்டாரின் தடித்த இ கம்பி திறந்து ஒலிக்கும் இடம் கிடைத்தால் அது 82.4 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். சரிசெய்ததை ஆப்பிடம் மறுபடி காட்டினால் பல சமயம் பெயர் வந்துவிடும்.

இந்த ஓசையைக் கையில் வாசித்துப் பார்க்க 12 கம்பி கிட்டார்தான் வேண்டும் என்பதில்லை. கொயரில் ஜி, சி, டி அடிப்பவர்கள் முதலில் ஒன்றைச் செய்து பார்க்கலாம். மோதிர விரலை மெல்லிய பக்கத்திலிருந்து இரண்டாம் கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டிலும் சுண்டு விரலை முதல் கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டிலும் வைத்துவிட்டு, கார்டு மாறும்போது அந்த இரண்டையும் எடுக்கவே கூடாது. ஃப்ரெட் எண்களைத் தடித்த கம்பியிலிருந்து சொன்னால் (0 என்றால் விரல் வைக்காத கம்பி) ஜி 3-2-0-0-3-3. இ மைனர் 7க்கு 0-2-2-0-3-3. சி ஆட் 9க்கு ஆறாம் கம்பியை விட்டு 3-2-0-3-3. டி சஸ் 4க்கு மெல்லிய நாலு கம்பி மட்டும் 0-2-3-3. கீழே கார்டு மாறிக்கொண்டிருக்க, மேல் இரண்டு சுரங்கள் விடாமல் ஒலிக்கும். வில்லின் மணி அதுதான். கேப்போவை 2 அல்லது 4ஆம் ஃப்ரெட்டில் போட்டால் இன்னும் மினுங்கும். கட்டை விரலால் வருடாமல் பிக்கால் ஒவ்வொரு கம்பியாக எடுக்க வேண்டும். எலக்ட்ரிக் ஆக இருந்தால் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்அப், டிஸ்டார்ஷன் இல்லாமல், பேஸ் பாதிக்குக் கீழே. கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கருவி) இருந்தால் 4:1. அட்டாக்கை 20, 30 மில்லி செகண்டில் வைத்தால் பிக் படும் முதல் ‘டிக்’ தப்பித்து வெளியே வரும். அட்டாக் மிகக் குறைவாக இருந்தால் அந்த டிக்கையும் அமுக்கிவிடும், கிட்டார் தொலைவில் போனமாதிரி ஆகும். கோவில் மண்டபத்தில் ரிவெர்ப்பைக் கையாலும் தொடாதீர்கள், கட்டடமே போதுமான அளவு கொடுத்துவிடும்.

அசல் 12 கம்பியின் ஓசைக்கு ஒரு குறுக்கு வழி உண்டு, அதற்கு இரண்டு கிட்டார் வேண்டும். 10இல் தொடங்கி 47இல் முடியும் (கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) 12 கம்பி செட் ஒன்றை வாங்குங்கள். இணை இணையாக அதில் 10-10, 14-14, 23-9, 30-12, 39-18, 47-27 இருக்கும். ஒவ்வொரு இணையிலும் தடித்ததை எடுத்தால் 10, 14, 23, 30, 39, 47: சாதாரண கிட்டாருக்கு முழு செட். மிச்சமிருக்கும் 10, 14, 9, 12, 18, 27ஐ இரண்டாவது கிட்டாரில் மாட்டி, தடித்த பக்கத்து நாலு கம்பிகளை மட்டும் ஒரு ஆக்டேவ் மேலே சுருதி கூட்டுங்கள். நாஷ்வில் டியூனிங் என்று இதற்குப் பெயர். இரண்டு பேரும் ஒரே கார்டை ஒன்றாக அடித்தால் ஒரு 12 கம்பி ஓசை கிடைக்கும், அதுவும் ஒருவர் இடத்திலும் மற்றவர் வலத்திலும் நின்றால் இன்னும் அகலமாக. ரிக்கன்பேக்கரில் மற்ற 12 கம்பி கிட்டார்களுக்கு மாறாகக் கீழ்நோக்கி அடிக்கும்போது தடித்த கம்பி முதலில் படும். அந்தச் சாயல் வேண்டுமானால் நாஷ்வில் கிட்டார்காரர் ஒரு இமைப்பொழுது பிந்தி அடிக்க வேண்டும். பழக நாளாகும். அறுகிற கம்பி எப்போதும் அந்த 9தான், ஜி சுரத்தை ஆக்டேவ் மேலே இழுத்து நிற்பதால். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்குக் கிளம்பும் முன் அதில் மட்டும் இரண்டு உபரி வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.